இணையம் வளர்ந்த வரலாறு - 14: செய்தியோடை பிறந்த கதை

சென்ற இதழில், நெட்ஸ்கேப் ஸ்தாபனத்துக்கும் மைக்ரோசாஃப்ட் ஸ்தாபனத்துக்கும் இடையே உலாவிகளை முன்னிட்டு நடந்த பெரும் போட்டியையும், அதன் முடிவில், 1998ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், நெட்ஸ்கேப்பை விலைக்கு வாங்கப்போவதாக அமெரிக்கா ஆன்லைன் கம்பெனி அறிவித்ததையும் விவரித்திருந்தேன். அந்தப் போட்டியின் ஆரவாரம் ஓய்ந்துகொண்டிருந்த நாட்களில், அதே நெட்ஸ்கேப் காரியாலயத்தில், போரின் வெற்றி தோல்விகளோடு நேரடியான சம்பந்தம் எதுவும் இல்லாத ஒரு சிறு காரியம் நடந்தேறியது. நெட்ஸ்கேப் உலாவியை இன்று உபயோகிப்பவர் எவருமில்லை. அதைக் கண்ணால் பார்த்திராத ஒரு தலைமுறையே வளர்ந்து ஆளாகிவிட்டது. ஆயினும், அங்கே பிறந்த அந்தச் சிறு காரியம், எந்த நிறுவனத்தின் சொத்தாகவும் ஆகாமல், கால் நூற்றாண்டு கடந்தும் உலகமெங்கும் செய்திகளையும் கட்டுரைகளையும் ஒலிப்பதிவுகளையும் வாசகரிடத்திலும் நேயரிடத்திலும் கொண்டுபோய்ச் சேர்த்து வருகிறது. ஆர்.எஸ்.எஸ். என்று மூன்றெழுத்தில் வழங்குவதும், தமிழில் செய்தியோடை என்று நாம் சொல்வதும் அதுவே.

அது எந்தக் குறையைத் தீர்ப்பதற்காகத் தோன்றியது என்பதை முதலில் பார்க்க வேண்டும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இணையத் தளங்கள் ஆயிரக்கணக்கில் பெருகத் தொடங்கியபோது, வாசகனுக்கு ஏற்பட்ட சிரமம் விசித்திரமானது. படிக்க விஷயம் இல்லையென்ற குறை நீங்கி, விருப்பமான இருபது இடங்களில் எந்த இடத்தில் இன்று புதிதாக ஏதேனும் வந்திருக்கிறது என்று அறிந்துகொள்ள வழியில்லாத குறை வந்து சேர்ந்தது. ஒவ்வொரு தளத்தின் முகப்பையும் தனித்தனியே திறந்து, நேற்றுப் பார்த்ததுதானா, இன்று புதிதா என்று ஞாபகசக்தியின் துணைகொண்டு நிதானித்து, ஒன்றுமில்லையென்று கண்டு திரும்புவதிலேயே பாதி நேரம் கழிந்தது. தொலைபேசிக் கம்பி வழியே மெதுவாக இறங்கிய இணைப்பில், நிமிஷக் கணக்கில் கட்டணம் செலுத்திய நாடுகளின் வாசகர்களுக்கு இது பொருள் நஷ்டமாகவும் ஆயிற்று. மின்னஞ்சலில் சந்தா வைத்துக்கொள்ளலாமென்றாலோ, அதற்காகத் தன் முகவரியை முன்பின் தெரியாத பலரிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஒப்படைத்தபின் என்னென்ன வந்து சேரும் என்பது வாசகனுடைய சுவாதீனத்தில் இல்லை.

இந்தக் குறையைப் பெரும் வியாபாரமாக்க முனைந்தவர்களும் உண்டு. 1996ஆம் ஆண்டில் வெளிவந்த பாயின்ட்காஸ்ட் என்னும் மென்பொருள், கணினி சும்மா இருக்கும் வேளைகளில் செய்தித் தலைப்புகளையும் பங்குச் சந்தை விலைகளையும் விளம்பரங்களையும் திரையில் ஓடவிட்டது. செய்தியைத் தேடி வாசகன் போக வேண்டியதில்லை, செய்தியே அவனிடம் தள்ளிவிடப்படும் என்னும் அந்தக் கருத்து அமெரிக்காவில் ஒரு மோகத்தையே கிளப்பிற்று. 1997இல் அந்த நிறுவனத்துக்கு நியூஸ் கார்ப்பரேஷன் 45 கோடி டாலர் விலை பேசியது; நிறுவனத்தார் இணங்கவில்லை. ஆனால் அலுவலகங்களின் இணைப்பு முழுவதையும் அந்த மென்பொருள் அடைத்துக்கொள்கிறதென்று பல கம்பெனிகள் அதற்குத் தடை விதித்தன. மோகமும் விரைவிலேயே தணிந்தது. இரண்டே ஆண்டுகளுக்குப் பிறகு, 1999இல், ஏறத்தாழ 70 லட்சம் டாலருக்கு அது கைமாறியது. மைக்ரோசாஃப்டும் 1997இல் தன் நான்காம் பதிப்பு உலாவியில் ‘சேனல்’ என்ற பெயரில் இத்தகைய ஏற்பாடொன்றைப் புகுத்தி, அதற்கென எக்ஸ்.எம்.எல். குறிமொழியில் ஒரு வடிவத்தையும் வகுத்திருந்தது. அந்த ஏற்பாடும் வேரூன்றவில்லை. இவ்விரண்டிலும் எதை அனுப்புவது என்ற முடிவு அனுப்புகிறவரின் கையில் இருந்ததேயொழிய, பெறுகிறவனின் கையில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னால் வெற்றி பெற்ற வழி இதற்கு நேர்மாறானது.

அந்த வழியின் பூர்வீகத்தைத் தேடிச் சென்றால், நம் சென்னை மாநகரத்தோடு தொடர்புள்ள ஒருவரிடத்தில் வந்து நிற்கிறோம். ராமநாதன் குஹா என்பவர் சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் பயின்று 1986இல் பட்டம் பெற்று, அமெரிக்கா சென்று ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் டாக்டர் பட்டமும் அடைந்தவர். மனிதர்கள் சர்வசாதாரணமாக அறிந்துவைத்திருக்கும் உலக ஞானம் முழுவதையும் கணினிக்குப் புரியும் வாக்கியங்களாக எழுதிவைத்துவிட வேண்டும் என்ற பிரம்மாண்டமான ஆசையுடன் டக்ளஸ் லெனட் நடத்திவந்த ‘சைக்’ என்னும் ஆராய்ச்சியில் அவர் பல ஆண்டுகள் தலைமைப் பங்கு வகித்தார். அங்கிருந்து ஆப்பிள் நிறுவனத்துக்கு வந்தபோது, ஒரு தளத்தில் என்ன இருக்கிறது, அது எதைப் பற்றியது, யார் எழுதியது என்ற விவரங்களைத் தளத்துக்கு வெளியே, இயந்திரம் படிக்கக்கூடிய முறையில் எழுதிவைப்பதற்கு ஒரு வடிவத்தைச் சிருஷ்டித்தார். 1997இல் நெட்ஸ்கேப்பில் சேர்ந்தபின், எக்ஸ்.எம்.எல். குறிமொழியின் கர்த்தாக்களுள் ஒருவரான டிம் பிரேயுடன் சேர்ந்து அதை அக்குறிமொழிக்குள் கொண்டுவந்தார். அதிலிருந்து கிளைத்ததுதான், உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999 பிப்ரவரியில் அங்கீகரித்த ஆர்.டி.எஃப். என்னும் விவரிப்பு முறை.

இப்போது நெட்ஸ்கேப்பின் நிலைமையைச் சிந்தித்துப் பாருங்கள். உலாவிப் போரில் தோற்றுக்கொண்டிருந்த அந்த நிறுவனம், தன் முகப்புத் தளத்துக்கு நாள்தோறும் வந்துபோன ஏராளமான வாசகர்களையாவது இழக்காதிருக்க வேண்டுமென்று ‘மை நெட்ஸ்கேப்’ என்றொரு பக்கத்தை அமைத்து, ஒவ்வொருவரும் தமக்கு விருப்பமான செய்திப் பெட்டிகளைத் தாமே பொறுக்கி அடுக்கிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தது. அந்தப் பெட்டிகளை நிரப்புவதற்கு விஷயம் வேண்டுமே! பெரிய பத்திரிகைகளோடு ஒவ்வொன்றாக ஒப்பந்தம் செய்துகொண்டிருப்பதைவிட, உலகில் தளம் வைத்திருக்கும் எவரும், தம் தளத்தின் புதிய தலைப்புகளை ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் எழுதி வைத்துவிட்டால், அதை நெட்ஸ்கேப்பின் கணினியே வந்து எடுத்துச்சென்று வாசகருக்குக் காட்டும் என்று அறிவித்துவிடுவது சுலபமாயிருந்தது. குஹாவும், அங்கே பணியாற்றிய டான் லிப்பி என்னும் இளைஞரும் அந்த வடிவத்தை வகுத்தார்கள். 1999 மார்ச் மாதம் அது 0.90 என்ற எண்ணுடன் வெளிவந்தது. ஒரு தளத்தின் சுருக்கத்தை ஆர்.டி.எஃப். முறையில் தருவது என்ற பொருளிலேயே அதற்கு ஆர்.எஸ்.எஸ். என்று பெயரிட்டார்கள்.

வாசகர் மேல் கொண்ட அன்பினால் பிறந்த காரியம் இது என்று சொல்லிவிட முடியாது. ஒரு கம்பெனியின் வியாபார நிர்ப்பந்தத்தில் பிறந்தது. எனினும் அதில் அடங்கியிருந்த ஒரு தீர்மானம் மிகவும் உயர்ந்தது. பெரிய பத்திரிகைக்கும், வீட்டு அறையில் அமர்ந்து எழுதும் தனிமனிதனுக்கும் ஒரே வடிவம், ஒரே நிபந்தனை. அனுமதி கேட்க வேண்டியதில்லை, கட்டணம் கட்ட வேண்டியதில்லை. பாயின்ட்காஸ்ட்காரர்கள் கோடிகளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது எவருடைய கவனத்திலும் படாதிருந்த சிறு எழுத்தாளர்கள், இந்தத் தீர்மானத்தினால் பெரியவர்களோடு சமமாக வாசகனுடைய ஒரே பக்கத்தில் இடம் பெற்றார்கள்.

இதே வேளையில் வேறொரு திசையிலிருந்தும் ஒருவர் இதே இடத்தை நோக்கி வந்துகொண்டிருந்தார். டேவ் வைனர் என்பவர் யூசர்லேண்ட் என்னும் சிறு மென்பொருள் நிறுவனத்தை நடத்தியவர். 1997 ஏப்ரல் முதல் ‘ஸ்கிரிப்டிங் நியூஸ்’ என்ற தம் வலைப்பதிவில் இடைவிடாமல் எழுதிவந்தவர். தாம் எழுதுவதை மனிதர் படிப்பது மட்டுமன்றி மென்பொருளும் படிக்கவேண்டும் என்று கருதி, அந்த ஆண்டு டிசம்பரிலேயே எக்ஸ்.எம்.எல்.லில் தமக்கென ஒரு வடிவத்தை வகுத்து வெளியிட்டிருந்தார். நெட்ஸ்கேப் 1999 ஜூலையில் 0.91 என்னும் அடுத்த பதிப்பை வெளியிட்டபோது, டான் லிப்பி அதில் ஆர்.டி.எஃப். சம்பந்தமான சிக்கல்களைக் களைந்து, வைனருடைய வடிவத்திலிருந்து பல உறுப்புகளைச் சேர்த்துக்கொண்டார். வைனரும் பெருந்தன்மையோடு தம் வடிவத்தைக் கைவிட்டு நெட்ஸ்கேப்பினுடையதை ஏற்றுக்கொண்டார். ஓடைக்கு ஒரு சமயத்தில் பதினைந்து உருப்படிக்கு மேல் கூடாது என்ற வரம்பு அப்போது இருந்தது. பின்னாளில் அது நீங்கிற்று.

இதன் இயக்கத்தை, கணினி நுட்பம் அறியாத வாசகரும் அறிந்துகொள்ளலாம்; அவ்வளவு எளியது அது. தளத்தை நடத்துகிறவர், தம் தளத்திலேயே ஒரு நிலையான முகவரியில், சாதாரண எழுத்துகளால் ஆன ஒரு கோப்பை வைத்திருக்கிறார். தளத்தின் பெயர், முகவரி, ஓரிரு வரி விளக்கம் ஆகியவை அதன் தலைப்பில் இருக்கும். அதன்கீழ், அண்மையில் எழுதப்பட்ட கட்டுரைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, அது இருக்கும் இடம், சுருக்கமோ முழு வாசகமோ, வெளியான தேதி, மற்றொன்றோடு குழம்பாதிருக்கத் தனி அடையாளம். புதிதாக எழுதும்போதெல்லாம் அந்தக் கோப்பும் தானே புதுப்பிக்கப்படும். வாசகனிடத்தில் இருப்பது வாசிப்பான் என்னும் மென்பொருள். அவன் தேர்ந்தெடுத்துக் கொடுத்த முகவரிகளுக்கு, மணிக்கு ஒரு முறையோ அதற்கு முன்பின்னாகவோ அது போய்க் கோப்பைக் கேட்டு வாங்கி, முன்பு கண்டவற்றோடு ஒப்பிட்டு, புதியவற்றை மட்டும் அவன் முன் வைக்கிறது. ஊர்ச் சாவடியில் நோட்டீஸ் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவர ஒரு பையனை அனுப்பிவிட்டு, வீட்டில் தம் வேலையைக் கவனித்துக்கொண்டிருக்கும் பெரியவரைப் போன்ற நிலை வாசகனுடையது. நோட்டீஸ் ஒட்டியவருக்கு அந்தப் பெரியவர் யாரென்று தெரியவேண்டிய அவசியமில்லை. முந்தைய தடவைக்குப் பின் மாற்றம் ஒன்றுமில்லையானால், 304 என்ற எண்ணை மட்டும் தளம் திருப்பி அனுப்பும். கோப்பு முழுவதும் மீண்டும் வரவேண்டியதில்லை. ஆகவே அலுவலக இணைப்பை அடைத்துக்கொள்ளும் பழைய குற்றமும் இதில் நேரவில்லை.

சந்தாவை நிறுத்த விரும்பினால், வாசகன் தன் பட்டியலிலிருந்து ஒரு முகவரியை நீக்கிவிட்டால் போதும். எவரிடமும் விடைபெற வேண்டியதில்லை. வந்தவை அனைத்தும் வந்த கால வரிசையில் நிற்கும். எதை மேலே ஏற்றுவது, எதைக் கீழே அமுக்குவது என்று இடையில் நின்று தீர்மானிப்பவர் கிடையாது. செய்தியோடையின் உயிர்நிலை இதுவே என்பது என் அபிப்பிராயம். இதற்குப் பின் நிகழ்ந்த சர்ச்சைகளையும் சரிவுகளையும் படிக்கும்போது வாசகர் இதை மனத்தில் இருத்திக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

சர்ச்சை விரைவிலேயே வந்தது. நெட்ஸ்கேப்பை வாங்கிய அமெரிக்கா ஆன்லைனுக்கு, பிறருடைய தளங்களுக்கு இலவசமாக வாசகரை அனுப்பிவைக்கும் இந்த ஏற்பாட்டில் நாட்டமில்லை. குஹாவும் 1999இலேயே நெட்ஸ்கேப்பை விட்டு நீங்கினார். 2001 ஏப்ரலில் ‘மை நெட்ஸ்கேப்’ பக்கத்திலிருந்து ஆர்.எஸ்.எஸ். அடியோடு அகற்றப்பட்டது, அதை விளக்கும் ஆவணங்களும் தளத்திலிருந்து மறைந்தன. ஆனால் அதற்குள் அந்த வடிவம் வெளியே பரவிவிட்டிருந்தது. பரவிய ஒன்றுக்கு அதிபதி யார் என்ற கேள்விதான் அதை நேசித்தவர்களை இரு பிரிவாக்கியது.

ஒரு பிரிவினர், ஓரெய்லி நூல் வெளியீட்டகத்தைச் சேர்ந்த ரேல் டோர்ன்ஃபெஸ்ட் முன்னின்ற குழுவினர். பிற்காலத்துத் தேவைகள் என்னவாகுமென்று இன்றே சொல்ல முடியாதாகையால், எவரும் தம் தேவைக்கேற்பப் புதிய பகுதிகளைச் சேர்த்துக்கொள்ளும்படி, பழைய ஆர்.டி.எஃப். அஸ்திவாரத்தின்மேல் மறுபடியும் கட்டவேண்டும் என்பது அவர்கள் வாதம். குஹாவும் அந்தக் குழுவில் இருந்தார். ஏரன் ஸ்வார்ட்ஸ் என்னும் சிகாகோவைச் சேர்ந்த சிறுவனும் இருந்தான். குழுவின் விவாதம் மின்னஞ்சல் வழியே நடந்ததால், இவ்வளவு தெளிவாக வாதாடுகிறவனுக்கு வயது பதினான்குதான் என்பது சகாக்களுக்கு வெகு நாள் தெரியாதிருந்தது. 2000 டிசம்பரில் அவர்கள் தம் வடிவத்தை 1.0 என்று எண்ணிட்டு வெளியிட்டார்கள். மறு பிரிவுக்குத் தலைவர் வைனர். சாதாரண மனிதன் ஒரு மாலைப் பொழுதில் படித்துப் புரிந்துகொண்டு கையால் எழுதிவிடக்கூடிய எளிமையே இதன் பலம். சாஸ்திர நுணுக்கங்களை ஏற்றினால் பண்டிதர்கள் மட்டுமே உபயோகிப்பார்கள் என்பது அவர் கட்சி. அவரும் அதே டிசம்பரில் 0.92 என்னும் பதிப்பை வெளியிட்டார். தொலைக்காட்சியில் புகழ் பெற்றிருந்த ஆடம் கரி தந்த யோசனையின்பேரில், ஓடையின் ஓர் உருப்படியோடு ஒலிக்கோப்பு ஒன்றை இணைத்து அனுப்புவதற்கான உறுப்பு அதில் இடம்பெற்றது. அந்தச் சிறு உறுப்பு பின்னாளில் செய்த காரியத்தைப் பற்றி அடுத்த இதழில் விரிவாக எழுத உத்தேசித்திருக்கிறேன்.

இப்படி ஒரே பெயருடன், ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு வடிவங்கள் நின்றன. 2002 செப்டம்பரில் வைனர் தம்முடையதற்கு 2.0 என்று எண்ணிட்டபோது, 1.0க்கு அடுத்த வளர்ச்சி அதுதான் என்று புதியவர்கள் எண்ணி மயங்க நேர்ந்தது. பரஸ்பரம் ஏச்சும் பேச்சும் பெருகின. 2003 ஜூலையில், 2.0 விளக்க ஆவணத்தின் பாத்தியதையை ஹார்வர்டு சர்வகலாசாலையின் பெர்க்மன் ஆய்வு மையத்துக்கு ஒப்படைத்து, எவரும் எடுத்தாளலாமென்ற அனுமதியுடன் வெளியிட்டு, வடிவத்தையும் ஸ்திரமாக நிறுத்திவிட்டார்கள். தம் கைக்குள் வைத்துக்கொள்ளக்கூடியதை இவ்வாறு பொதுவாக்கியது வைனரின் வாழ்க்கையில் மிகச் சிறந்த செய்கை என்பேன். இருந்தும் திருப்தியடையாத பலர், அதற்கு ஒரு மாதம் முன்பே சாம் ரூபி என்னும் ஐ.பி.எம். பொறியாளரின் அழைப்பை ஏற்று, பழைய சண்டைகளின் சுமையில்லாத புதிய வடிவம் ஒன்றை யோசிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆட்டம் என்று பெயர் பெற்ற அது, இணையப் பொறியியல் செயற்குழுவின் முறையான பரிசீலனைக்குப் பின், 2005 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 4287 என்ற எண்ணுள்ள தர ஆவணமாயிற்று.

இந்தக் கலகமே செய்தியோடையைக் கெடுத்தது என்று எழுதுவோர் உண்டு. அதை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. ஒன்றோடொன்று பொருந்தாத ஒன்பது வகை ஆர்.எஸ்.எஸ். இருப்பதாக 2004இல் மார்க் பில்கிரிம் என்னும் நிபுணர் கணக்கிட்டுக் காட்டியது உண்மைதான். ஆனால் அதே பில்கிரிம், இத்தனை வகைகளையும், பிழைபட எழுதப்பட்டவற்றையும்கூடப் பொறுமையோடு படித்துப் பொருள் சொல்லும் ஒரு நிரல் தொகுதியை எழுதி இலவசமாகக் கொடுத்தார். இத்தகைய உபகாரிகளின் உழைப்பால் அந்தக் கஷ்டம் முழுவதும் மென்பொருள் எழுதுகிறவர்களின் தலையில் விழுந்ததே தவிர, வாசகனிடம் வரவில்லை. தன் பட்டியலில் உள்ள ஓடை எந்த வடிவத்தது என்று விசாரித்த வாசகன் ஆயிரத்தில் ஒருவன் இருப்பானா என்பதே சந்தேகம். வாசகனைப் பாதித்த தீங்கு வேறொரு பக்கத்திலிருந்து, மிகுந்த சௌகரியத்தின் வேஷத்தில் வந்தது.

அதற்கு முன் சில நல்ல ஆண்டுகள் இருந்தன. 2002 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை தன் செய்திகளை ஓடைகளாக வழங்கத் தொடங்கியதும், மற்றப் பத்திரிகைகள் அதைப் பின்பற்றின. மாக்கின்டாஷ் கணினிக்கு பிரென்ட் சிம்மன்ஸ் எழுதிய நெட்நியூஸ்வயர், விண்டோஸுக்கு நிக் பிராட்பரி எழுதிய ஃபீட்டீமன், உலாவியிலேயே படிக்கும்படி மார்க் ஃபிளெட்சர் 2003இல் தொடங்கிய பிளாக்லைன்ஸ் எனப் பலவகை வாசிப்பான்கள் தோன்றின. 2004இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் உலாவி ஓடைகளைத் தன்னுள்ளேயே ஏற்றுக்கொண்டது. அதற்காக வரைந்த ஆரஞ்சு நிறச் சதுரத்தை, ஒரு புள்ளியும் இரு வளைகோடுகளுமாக இன்றும் நாம் காணும் அந்தச் சின்னத்தை, 2005 டிசம்பரில் மைக்ரோசாஃப்டும் தனதாக ஏற்றுக்கொண்டது. உலாவிப் போரின் வரலாற்றைப் படித்துவந்த வாசகருக்கு இந்தச் சமாதானத்தின் அருமை விளங்கும்.

தமிழ் இணையத்துக்கும் அந்த ஆண்டுகளில் செய்தியோடை செய்த உபகாரம் பெரிது. தமிழில் வலைப்பதிவு எழுதத் தொடங்கியவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் கொழும்பிலும் டொராண்டோவிலும் கலிஃபோர்னியாவிலும் சிதறிக் கிடந்தார்கள். ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரிய வழியில்லை. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் என்னும் திரட்டி, அந்தப் பதிவுகளின் ஓடைகளையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து, யார் எப்போது என்ன எழுதினார் என்று வரிசையாகக் காட்டியது. இரண்டு அனுகூலங்கள் அப்போது ஒன்றுகூடியிருந்தன. பெரும்பாலான பதிவர்கள் குடியேறியிருந்த பிளாகர் சேவை, அதே 2004இன் தொடக்கத்தில் பதிவுகளுக்கு ஆட்டம் ஓடையைத் தானே அமைத்துத் தர ஆரம்பித்திருந்தது. மேலும், தளத்துக்கு ஒரு எழுத்துரு என்று பிரிந்து கிடந்த தமிழ், யூனிகோடு என்னும் ஒரே குறியேற்றத்தின்கீழ் வந்துகொண்டிருந்தது; ஐம்பது பேருடைய எழுத்தை ஒரே பக்கத்தில் சேர்த்துக் காட்ட வேண்டுமானால் அவை யாவும் ஒரே குறியேற்றத்தில் இருந்தாலன்றி முடியாது. தமிழ்மணத்தைத் தொடர்ந்து தேன்கூடு முதலிய வேறு திரட்டிகளும் வந்தன. பத்திரிகை ஆசிரியர் எவருடைய தயவையும் எதிர்பாராமல் எழுதிய இல்லத்தரசிகளுக்கும் பொறியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும், எழுதிய சில நிமிஷங்களில் உலகின் மறுபுறத்தில் வாசகர் கிடைத்தார்கள். இன்று நூலாசிரியர்களாக அறியப்படும் சிலர் அந்தத் திரட்டிகளின் வழியாகவே முதல் வாசகர்களை அடைந்தவர்கள். தமிழ் இலக்கிய வரலாறு எழுதுவோர் இந்தப் பகுதியை இன்னும் உரிய விஸ்தாரத்துடன் எழுதவில்லை என்பது எனக்கு ஒரு மனக்குறை.

2005ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் தேதி கூகுள் நிறுவனம் தன் வாசிப்பானை வெளியிட்டது. கிறிஸ் வெதரல் என்னும் பொறியாளர் தொடங்கிவைத்த அந்த ரீடர் உண்மையிலேயே நேர்த்தியானது என்பதை மறுக்க இயலாது. வேகமாக இயங்கியது, எத்தனை ஓடைகளைச் சேர்த்தாலும் தளரவில்லை, பழைய கட்டுரைகளையும் தேடிக் கொடுத்தது, நண்பர்கள் தாம் ரசித்தவற்றை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள வகை செய்தது, விலையோ எதுவுமில்லை. ஈரானில், அரசு தடுத்த தளங்களின் எழுத்தைப் பலர் இதன் வழியாகவே படித்துவந்தார்கள். இத்தகைய ஒன்று இனாமாகக் கிடைக்கும்போது, மற்ற வாசிப்பான்களை எழுதிப் பிழைத்தவர்கள் எப்படி நிலைத்து நிற்பது? நெட்நியூஸ்வயரையும் ஃபீட்டீமனையும் விலைக்கு வாங்கியிருந்த நியூஸ்கேட்டர் நிறுவனம், 2009இல் வாசகர்களுக்கான தன் சொந்த இணையச் சேவையை நிறுத்திவிட்டு, அவற்றைக் கூகுள் ரீடருடன் இணைத்துவிட்டது. கைபேசிகளுக்கு எழுதப்பட்ட பல வாசிப்பான்களும், உள்ளே கூகுளின் களஞ்சியத்தையே ஆதாரமாகக் கொண்டு இயங்கின. ஓடைகள் ஆயிரமாயிரம் தனித்தனி இடங்களில் இருந்தனவேயாயினும், அவற்றைப் படிக்கும் வாசல் ஏறத்தாழ ஒன்றே என்று ஆகிவிட்டது.

கூகுளின் கவனம் அதற்குள் வேறிடம் சென்றிருந்தது. ஃபேஸ்புக் 2006இல் தன் நண்பர்-செய்தித் தொகுப்பைத் தொடங்கி, அதே ஆண்டில் ட்விட்டரும் பிறந்து, வாசகர்கள் கட்டுரைகளைத் தேடி ஓடைகளுக்குப் போவதை விட்டு, நண்பர்கள் சுட்டிய வழியில் போகும் பழக்கம் வளர்ந்தபோது, அவற்றோடு போட்டியிட எண்ணிய கூகுள், 2011இல் தன் கூகுள் பிளஸ்ஸைத் தொடங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் ரீடருக்குள் இருந்த பகிர்வு வசதிகளை நீக்கியது. 2013 மார்ச் 13ஆம் தேதி, உபயோகிப்போர் குறைந்துவிட்டார்கள் என்று காரணம் கூறி, ஜூலை 1ஆம் தேதியோடு ரீடரையே மூடப்போவதாக அறிவித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட விண்ணப்பம் பயனற்றுப் போயிற்று. ஏரன் ஸ்வார்ட்ஸ் அதற்கு இரு மாதங்களுக்கு முன்பு, ஜனவரி 11ஆம் தேதி, தம் 26ஆம் வயதில் உயிர் நீத்திருந்தார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ட்விட்டரும் தன் ஓடைகளை நிறுத்தியது. செய்தியோடையின் காலம் முடிந்துவிட்டதென்று பத்திரிகைகள் இரங்கல் எழுதின.

அந்த இரங்கல் தவறானது. மூடப்பட்டது ஒரு கம்பெனியின் வாசிப்பான். ஓடைகளில் எதுவும் அதனால் வற்றவில்லை, ஏனெனில் அவை அந்தந்தத் தளங்களின் சொந்தக் கோப்புகள். மேலும், யூசர்லேண்ட் 2000ஆம் ஆண்டிலேயே வகுத்து வைத்திருந்த ஓ.பி.எம்.எல். என்னும் வடிவத்தில், வாசகன் தன் சந்தாப் பட்டியல் முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்துக்கொண்டு வேறு வாசிப்பானுக்குப் போய்விட முடிந்தது. அறிவிப்பு வந்த 48 மணி நேரத்தில் ஐந்து லட்சம் பேர் தம்மிடம் குடிவந்துவிட்டதாக ஃபீட்லி நிறுவனத்தார் தெரிவித்தார்கள். நியூஸ்பிளர், ஃபீட்பின், பல்கேரியாவிலிருந்து வந்த இனோரீடர் போன்றவை வளர்ந்தன. அவற்றுட் சில வாசகனிடம் நியாயமான சந்தா பெற்று நடப்பவை. நெட்நியூஸ்வயரும் பிற்பாடு சிம்மன்ஸின் கைக்கே திரும்பி வந்து, இப்போது எவரும் இலவசமாகப் பெறக்கூடிய திறந்த மென்பொருளாக இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2018 டிசம்பரில் தன்னுள் இருந்த ஓடை வசதியை நீக்கியது ஒரு நஷ்டமே. புதிதாக வருகிறவர்களின் கண்ணில் ஆரஞ்சுச் சதுரம் தட்டுப்படுவது குறைந்துவிட்டது. ஆனால் உலகில் பாட்காஸ்ட் கேட்பவர்களில் பெரும்பாலோர், தமக்கு நிகழ்ச்சிகளைக் கொண்டுவருவது 2.0 வடிவிலான ஒரு செய்தியோடைதான் என்பதை அறியாமலே நாள்தோறும் அதை உபயோகித்து வருகிறார்கள்.

இந்த வரலாற்றில் எனக்குத் தெளிவாகத் தோன்றுவது இது: ஒருவருக்கும் சொந்தமாகாமல் போனதனால் செய்தியோடைக்கு விளம்பரம் செய்வாரும், புதியவர்க்குக் கற்றுக் கொடுப்பாரும் இல்லாமற் போனார்கள், ஒருவருக்கும் சொந்தமாகாததனாலேயே அதை மூடிவிடவும் எவராலும் முடியவில்லை. நெட்ஸ்கேப் கைவிட்டது, கூகுள் கைவிட்டது, உலாவிகள் கைவிட்டன. அந்தச் சிறு கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்று உண்டு. உங்கள் அபிமானத்துக்குரிய எழுத்தாளர்களின் தளங்களில் பத்தைத் தேர்ந்தெடுங்கள். வாசிப்பான் ஒன்றை நிறுவி, அந்தத் தளங்களின் முகவரியை அதில் இடுங்கள். பெரும்பாலும் ஓடையை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். வேர்ட்பிரஸ், பிளாகர் ஆகியவற்றில் நடக்கும் தமிழ்த் தளங்கள் ஏறக்குறைய அனைத்துக்கும், நடத்துகிறவர் அறிந்தோ அறியாமலோ, ஓடை இருக்கிறது. யூடியூப் அலைவரிசைகளுக்கும் உண்டு. சந்தாப் பட்டியலின் பிரதி ஒன்றை மாதம் ஒரு முறையாவது எடுத்து உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். தளம் நடத்தும் எழுத்தாளர்களோ, ஓடையில் இரண்டு வரிச் சுருக்கத்தோடு நிறுத்திவிடாமல், கட்டுரையை முழுவதும் கொடுங்கள்.